மடிப்பக்காவின் வயிறு

படுக்கை விரிப்பை இரண்டு பேராகத்தான் மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. ஒரு உதறு, ஒரு இழுப்பு, பிறகு எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஹோட்டல் சலவைக்கூடத்தில் எனக்கு எதிரே நின்று மடித்தவள் மடிப்பக்கா. அவள் கைபட்ட துணியில் சுருக்கம் நிற்காது. சூப்பர்வைசர் கூட அவள் அடுக்கிய கட்டைப் பிரித்துப் பார்க்க மாட்டார்.

கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் துவைக்கும் எந்திரங்கள் உறுமிக்கொண்டிருக்கும், இன்னொரு பக்கம் உருளை இஸ்திரி ஆவி விட்டுக்கொண்டிருக்கும். வெளியே மழையா வெயிலா என்று மேலிருந்து இறங்கி வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். கழிப்பறை மேல்தளத்தில், சமையலறைக்குப் பின்னால். அங்கே போய்வந்தால் சூப்பர்வைசர் முகம் கோணும். அதனால் அக்கா தண்ணீரே குடிக்க மாட்டாள்.

"ஒட்டகத்துக்கு இருக்கற பொறுமை எனக்கும் உண்டு" என்பாள்.

அவள் சாப்பாடும் அந்த லட்சணம்தான். காலையில் வெறும் டீ. பகலில் ஹோட்டல் சமையலறை ஒதுக்கிப் போட்ட ரொட்டி ஓரங்கள், சர்க்கரை தூக்கலாக இன்னொரு டீ. வீட்டுக்குப் போனால் பாக்கெட் நூடுல்ஸ், அல்லது பிஸ்கட். புருஷன் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். குழந்தை இல்லை. ஒருத்திக்காக எதற்கு அடுப்பு மூட்டுவது என்பது அவள் வாதம். உடம்புக்கு ஒன்று வந்தால் தெருமுனை மருந்துக்கடை. தொண்டை கரகரத்தால் ஒரு அட்டை மாத்திரை, காய்ச்சல் அடித்தால் ஒரு அட்டை. பாதி தின்றதும் சரியாகிவிட்டால் மீதியை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பாள். லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் உருளை இஸ்திரியில் துணி சிக்கியது. அதை இழுக்கப் போனவளுக்கு முன்கை வெந்துவிட்டது. களிம்பைத் தடவிக்கொண்டு மறுநாளே வேலைக்கு வந்தாள். புண் பழுத்தது. ஆஸ்பத்திரியில் கடுமையான மருந்தாகக் கொடுத்தார்கள், அதற்கும் ஆறாமல் போக இன்னும் கடுமையாக ஒன்று கொடுத்தார்கள். கடைசியில் கை ஆறியது. வயிறு போனது.

முதலில் எல்லோருக்கும் வருகிற பேதி என்றுதான் நினைத்தோம். ஆனால் அது நிற்கவில்லை. அக்கா ஒரு நாளில் எத்தனை முறை மேலே ஓடினாள் என்பதை யாரும் எண்ணக்கூட முடியவில்லை. ரவிக்கை தொளதொளத்தது. வளையல் முழங்கை வரை ஏறியது. இதே அக்கா, தன் தம்பியின் வயிற்றைப் பற்றிச் சொல்லும்போது "எங்கப்பன் வீட்டு வயிறுடி, கல்லைத் தின்னாலும் கரைக்கும்" என்று பெருமையடித்துக் கொண்டவள்.

ஒரு மத்தியானம் பெரிய விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தோம். நான் முனைகளோடு நடந்து அவளிடம் போகிறேன், அவள் தன் முனைகளைக் கீழே போட்டுவிட்டுப் படிக்கட்டைப் பார்த்து ஓடினாள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நீ போடி. பார்க்காதே."

"எத்தனை பேர் விரிப்பைத் தொவைச்சிருப்போம், என்னென்ன பார்த்திருப்போம். எந்திரிங்கக்கா."

"அதெல்லாம் ஊரான் துணிடி."

பழைய துண்டு ஒன்றை எடுத்து வந்து சுற்றி, பின்வாசல் வழியாக அழைத்துப் போனேன். அதற்குப் பிறகு அவள் சலவைக்கூடத்துக்குத் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் எனக்கு எதிரே வேறொருத்தி நின்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்று டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு, சிரிக்காத முகம், ஆனால் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்வாள். அக்காவுக்குத் துணையாக நான்தான் போனேன்.

"நம்ம குடல்ல நல்லது செய்யற கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கணும்மா. நாம திங்கறதுல நமக்குச் செரிக்காத நாரையெல்லாம் அதுங்கதான் தின்னு, குடலைக் காப்பாத்துதுங்க. நீங்க சாப்பிட்ட மருந்து கெட்ட கிருமியைக் கொன்னுது, கூடவே இதுங்களையும் கொன்னுடுச்சு. அதுக்கு முன்னாடியும் அதுங்களுக்கு நீங்க சரியா சோறு போடலை. காலி வீட்ல ரவுடி புகுந்த மாதிரி இப்ப ஒரு கிருமி உட்கார்ந்துக்கிட்டு நகர மாட்டேங்குது."

"மாத்திரை குடுத்து விரட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

"விரட்டலாம். ஆனா வீடு காலியாவே இருந்தா அது திரும்பி வரும்."

அப்படித்தான் ஆனது. மாத்திரை சாப்பிடும் வரை நிற்கும், நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்கும். மறுபடி மாத்திரை, மறுபடி அதே கதை. அக்கா கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் சுவரைப் பிடித்து நடந்து நடந்து, சுண்ணாம்பில் கை உயரத்துக்கு ஒரு கறை விழுந்துவிட்டது. கடைசியில் டாக்டர் ஒரு வழி சொன்னாள். ஆரோக்கியமான ஒருத்தருடைய மலத்தை வாங்கிச் சோதித்து, சுத்தம் செய்து, குழாய் வழியாக அக்காவின் குடலுக்குள் விடுவது. அந்த ஆளின் நல்ல கிருமிகள் இங்கே குடியேறும். ரவுடிக்கு இடம் இருக்காது.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"வீட்ல யாராவது இருக்காங்களா? நல்லா சாப்பிட்டு, நல்லா தூங்கி, சமீபத்துல இந்த மாதிரி மருந்து எதுவும் எடுக்காதவங்க?"

"ஒரு தம்பி இருக்கான்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து.

தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவர் இப்போது மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார். சொந்தத் தம்பிதான், ஆனாலும் கேட்க வாய் வரவில்லை. "நீ கேளுடி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மார்க்கெட்டில் அவர் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து பச்சைக் கேரட் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் மென்று முழுங்கி, சுற்றி வளைத்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

காய்கறிக்காரர் கேரட்டைக் கையில் வைத்தபடியே எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, கிட்னி கேட்டிருந்தா கூட ஒரு கௌரவமா இருந்திருக்கும். ஊர்ல கேட்டா என்னன்னு சொல்வேன்? அக்காவுக்கு என்ன குடுத்தேன்னு கேட்டா?"

"வேண்டாம்னா விடுடா."

அவள் திரும்பிவிட்டாள். திரும்பும்போது முந்தானை விலகி மணிக்கட்டு தெரிந்தது. குச்சி மாதிரி இருந்தது. அவருக்குச் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது.

"எங்கே போறே? எப்ப வரணும்னு சொல்லு."

டாக்டர் அவருடைய ரத்தம், மலம் எல்லாவற்றையும் சோதித்தாள். தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று குடைந்து குடைந்து கேட்டாள். விற்காமல் மிஞ்சுகிற காய்தான் அவர் வீட்டு அடுப்புக்கு. கீரை, அவரை, பூசணி, தோல் நீக்காத பயறு, முழு தானியம், வீட்டில் உறைய வைத்த தயிர். விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்பதால் இருட்டியதும் தூங்கிவிடுவார். நாளெல்லாம் தள்ளுவண்டியோடு நடை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"குடிப்பீங்களா?"

"சனிக்கிழமை மட்டும்."

"சிகரெட்?"

அவர் கூட வந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"இது முடியற வரைக்கும் ரெண்டையும் விடுங்க" என்றாள் டாக்டர்.

விட்டார். அதுதான் அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "நான் கல்யாணமான நாள்லேர்ந்து கத்தறேன். அக்கா வயிறு கெட்டா ஒரே நாள்ல விடறீங்க. எனக்கும் ஏதாவது கெட்டுப் போயிருக்கணும்" என்று எங்கள் முன்னாலேயே சண்டை போட்டாள். சண்டை போட்டபடியே தினமும் அவருக்கு இரண்டு மடங்கு கீரை வேக வைத்துப் போட்டாள். நாத்தனாரும் அவளும் அதுவரை பார்த்தால் "நல்லா இருக்கியா", "இருக்கேன்" என்பதோடு சரி.

காரியம் முடிந்தது. அக்காவுக்கு மயக்கம் தெளிந்தபோது தம்பி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். "என் ஆளுங்களை உன் வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். மரியாதையா வெச்சுக்கோ" என்றார். அக்கா சிரித்ததை நான் ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

பேதி நின்றது. அந்த வாரமே நின்றது. ஆனால் அதோடு முடியவில்லை என்றாள் டாக்டர். வந்தவர்கள் தங்க வேண்டுமென்றால் அவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். ரொட்டி ஓரமும் சர்க்கரை டீயும் அவர்களுக்கு ஆகாது. பயறு, கீரை, பழம், வெங்காயம், பூண்டு என்று பல தினுசாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். நடக்க வேண்டும். நேரத்துக்குத் தூங்க வேண்டும். அவசியமில்லாமல் மாத்திரை அட்டையைத் தொடக் கூடாது.

அக்கா தன் அறையில் அடுப்பு மூட்டினாள். தம்பி தினமும் காலையில் ஒரு பையை வாசலில் தொங்கவிட்டுப் போவார். முதல் நாட்களில் வயிறு பொருமித் தள்ளியது.

"உன் ஆளுங்க உள்ளே கச்சேரி வெக்கறாங்கடா."

"கச்சேரின்னா கூட்டம் சேர்ந்திருக்குன்னு அர்த்தம். பயறை நல்லா ஊற வெச்சுப் போடு, சத்தம் குறையும்."

துணிக்கடை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்ட சட்டைகளைத் திரும்ப மடித்து வைக்கிற வேலை. பகல் வேலை, வெளிச்சம் வருகிற இடம், பக்கத்திலேயே கழிப்பறை. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. தினமும் சாயங்காலம் மார்க்கெட் வரை நடந்து போய்த் தம்பி கடையில் உட்காருவாள். அவர் மனைவியும் இருப்பாள். விடுமுறை நாளில் நானும் போவேன். அழுகின தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே நாலு பேரும் பேசுவோம். சிகரெட்டை அவர் திரும்பத் தொடவில்லை. சனிக்கிழமையை மட்டும் மனைவி மன்னித்துவிட்டாள்.

அவர் இறந்தது மார்க்கெட்டில்தான். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், தலை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தார். பக்கத்துக் கடைக்காரர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். என்றைக்கும் மருந்துக்கடை வாசல் மிதிக்காத மனுஷன். டாக்டர் சோதித்ததற்கு அப்புறம் ஏறிய பிளட் பிரஷர் அவருக்கே தெரியாது. வயிறு நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அக்கா அழவில்லை. எல்லாம் முடிந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வேலைக்குப் போனாள், வந்தாள். நான் போய்ப் பார்த்தபோது அடுப்பு ஜில்லென்று கிடந்தது. மேஜை மேல் காய்ந்த ரொட்டி, ஆறிப்போன டீ, பிரித்த பிஸ்கட் பாக்கெட்.

"என்னக்கா இது? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"இறங்கலைடி."

கொஞ்சம் கொஞ்சமாக வயிறு முணுமுணுக்க ஆரம்பித்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. எனக்கு வேறு வழி தெரியாமல் காய்கறிக்காரரின் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் துக்கத்திலேயே இருந்தாள். தலை கூட வாரியிருக்கவில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். எழுந்து உள்ளே போனாள். ஒரு பாத்திரத்தில் வேக வைத்த பயறும் கீரையும் எடுத்துக்கொண்டு, செருப்புக் கூடப் போடாமல் கிளம்பினாள்.

அக்கா கதவைத் திறந்ததும் பாத்திரத்தை மேஜை மேல் டமாரென்று வைத்தாள்.

"சாப்பிடுங்க அண்ணி."

"வேண்டாம்மா. இறங்காது."

"எனக்கு மட்டும் இறங்குதா? வீட்ல அவர் சட்டை இருக்கு, செருப்பு இருக்கு. எல்லாம் சும்மா கிடக்கு. உசுரோட அவர் விட்டுட்டுப் போனது உங்க வயித்துல மட்டும்தான் இருக்கு. அதையும் பட்டினி போட்டுச் சாகடிக்கப் போறீங்களா?"

அதைக் கேட்டுத்தான் அக்கா அழுதாள். இருவரும் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. ஒருத்தி அழுதாள், ஒருத்தி கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அழுகை ஓய்ந்த பிறகு அக்கா பயற்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். விழுங்க ரொம்ப நேரம் பிடித்தது.

அதிலிருந்து அவள் ஒரு வேளையும் தவறவிடவில்லை. ஆனால் அது சாப்பாடு மாதிரி இருக்காது. பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி, கடமையாக, தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள். ஒரு நாள் கீரை கிடைக்கவில்லை என்றால் பதறுவாள். விசேஷத்துக்கு யாராவது இனிப்பு கொடுத்தால் வாங்கி என்னிடம் கொடுத்துவிடுவாள். "அவன் ஆளுங்களுக்கு ஆகாது" என்பாள். எனக்குச் சில சமயம் பயமாகக் கூட இருந்தது.

குளிர் காலத்தில் அவளுக்கு மார்ச்சளி கட்டியது. காய்ச்சல் ஏறியது, மூச்சு இழுத்தது. நிமோனியா என்றாள் டாக்டர். ஆன்ட்டிபயாடிக் போட்டே ஆக வேண்டும்.

"வேண்டாம்" என்றாள் அக்கா.

"போடலைன்னா உயிருக்கே ஆபத்தும்மா."

"போட்டா அவங்க செத்துடுவாங்களே."

டாக்டருக்கு யார் என்று புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் போகும்தான். பொய் சொல்ல மாட்டேன். பழைய வயித்து வியாதி திரும்பி வரவும் வாய்ப்பு இருக்கு. ஆனா நீங்க போயிட்டா மொத்தமும் போயிடும். எவ்வளவு குறைச்ச நாள் குடுக்க முடியுமோ அவ்வளவுதான் குடுப்பேன்."

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூச்சு கரகரவென்று கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி மனைவிதான் அவள் தோளைத் தொட்டாள்.

"போட்டுக்கோங்க அண்ணி. அவர் இருந்தா உங்களைத் திட்டித் தீர்த்திருப்பார்."

"அவன் என்னைத் திட்டினதே இல்லை" என்றாள் அக்கா. ஆனால் கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

நெஞ்சு தேறியது. அடுத்த சில வாரங்கள் நாங்கள் அவள் வயிற்றையே காவல் காத்தோம். கொஞ்சம் கலங்கியது. எல்லோரும் கலங்கினோம். பிறகு தானாகவே அடங்கியது. பழைய வியாதி வரவில்லை. சோதனையும் நல்லபடியாகவே வந்தது. டாக்டருக்கு அன்று லேசாகச் சிரிப்புக் கூட வந்தது. அக்கா மட்டும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா, இப்ப உள்ளே இருக்கறது யாரோடது?"

"உங்களோடதுதான்."

"இல்லை. அவனோடது ஏதாவது மிச்சம் இருக்குமா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். "இருக்கலாம்மா. மருந்துக்குத் தப்பினது கொஞ்சம் இருக்கும். நீங்க சாப்பிட்டதுல, பழகின மனுஷங்க கிட்டேர்ந்து வந்தது கொஞ்சம் இருக்கும். இதுதான் அவரோடதுன்னு பிரிச்சுச் சொல்ல இங்கே வசதி இல்லை."

பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டோம். எனக்கு அவளைக் கிளப்ப மனசு வரவில்லை.

காய்கறிக்கடையைத் தம்பி மனைவியால் தனியாக நடத்த முடியவில்லை. வேறு ஊரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து அழைத்துப் போய்விட்டாள். போகும்போது அக்காவிடம் தயிருக்கு உறை ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். அது கோடையில் ஒரு நாள் கெட்டுப் போய்விட்டது. அக்கா கடையில் வேறு வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் விடுமுறை நாட்களில் போய்ப் பார்க்கிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முன்பை விடப் பலமாகவே இருக்கிறாள். பேச்சுத்தான் குறைந்துவிட்டது. சாயங்கால நடை உண்டு, ஆனால் மார்க்கெட் பக்கம் போவதில்லை. எதிர்த்திசையில், பாலம் வரை போய்த் திரும்புகிறாள். போன வாரம் எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். வேக வைத்த அவரை, கீரை, முழுக்கோதுமை ரொட்டி. உப்பு போட மறந்திருந்தாள்.

"அக்கா, உப்பே இல்லையே. உங்களுக்குத் தெரியலையா?"

"அப்படியா?" என்றாள். உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். தன் தட்டில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு கரண்டி அவரையை அள்ளி வைத்துக்கொண்டு, குனிந்து, சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.